மதுரைச் சமணர் மலை: அடிவாரம் முதல் உச்சி வரை

நம் குடும்பங்களுக்கு மலையேற்றம் புதிய பழக்கமன்று. போளூரை அடுத்த திருமலையில் குந்தவை ஜினாலயத்தை வணங்கி, பதினாறடி உயரத்து நேமிநாதப் பெருமான் முன் நின்று, அதற்கும் மேலே ஏறி உச்சிப் பாறையின் திருவடிகளைத் தொட்டு வணங்கித் திரும்பாத பிள்ளைகள் நம் ஊர்களில் குறைவு. பொன்னூர் மலையில் குந்தகுந்தாசாரியரின் திருவடிகள், திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதர் என்று நமக்கு வாய்த்த மலைகள் பல. இம்மலைகளிலெல்லாம் இன்றும் விளக்கெரிகிறது, அபிடேகம் நடக்கிறது, படியேறும் பாட்டிமாருக்குப் பேத்திகள் கைகொடுக்கிறார்கள். ஆயினும் சமணர் என்னும் பெயரையே தன் பெயராகக் கொண்ட மலை இவற்றுள் எதுவுமன்று. அது தெற்கே, மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடி என்னும் சிற்றூரின் தலைமாட்டில் நிற்கிறது. அங்கே பூசையில்லை. அவ்வூரைச் சுற்றிப் பழைய தமிழ்ச் சமணக் குடிகளும் இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அம்மலைக்கு நம்மவர் குடும்பத்துடன் சென்று வரவேண்டும் என்பதற்கு அழகிய காட்சியே போதுமான காரணம். எனினும் வேறொரு காரணமும் உண்டு. மதுரைச் சமணம் என்றதும் நம் பிள்ளைகள் பள்ளியிலும் வெளியிலும் கேட்டுவரும் கதை ஒன்றுதான். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மதுரைக்கு வந்தார். நின்றசீர் நெடுமாறன் சைவனானான். வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினர். அத்துடன் பாண்டி நாட்டில் சமணம் முடிந்தது. இக்கதையைக் கேட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்படியானால் நாம் யார்?" என்று கேட்கிறது. பெற்றோர்க்கு விடை சொல்லத் தெரிவதில்லை. விடை கீழக்குயில்குடிப் பாறையில் வட்டெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஏறிப் பார்ப்பவர்க்கு அது விளங்கும்.

மதுரையிலிருந்து தேனி செல்லும் சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையை அடைந்து தெற்கே திரும்பினால் கீழக்குயில்குடி. வடக்கே நாகமலை நீண்டு படுத்த பாம்பைப் போலவே கிடக்கிறது. தெற்கே தனித்து எழும் மொட்டைப் பாறைத்தொடர் சமணர் மலை. அடிவாரத்தில் தாமரை பூத்த குளம், விழுதூன்றிய பெரிய ஆலமரம், ஐயனாரும் கருப்பசாமியும் குடிகொண்ட கோயில், வாய்பிளந்து நிற்கும் குதிரைச் சிலைகள். சமண மலையைக் காண வந்தவர்க்கு முதலில் எதிர்ப்படுவது கருப்பசாமி என்பது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இம்மலை உடைபடாமல் நம் காலம்வரை வந்து சேர்ந்ததில் அக்கோயிலுக்கும் அவ்வூர் மக்களுக்கும் உள்ள பங்கைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஏறுவதற்கு முன் மலையின் மறு கோடியைப் பற்றி ஒரு செய்தி. இதே தொடரின் ஒரு முனையில், முத்துப்பட்டி அருகே, இயற்கைக் குகையொன்றில் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துக்களும் உள்ளன. ஊரார் அவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பர். அங்குள்ள கல்வெட்டொன்றில் முசிறி என்னும் ஊர்ப்பெயர் வருகிறது. சேர நாட்டின் மேலைக் கடற்கரையில் மிளகு ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற துறைமுகத்தின் பெயரும் அதுவே. அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய ஒருவர் மதுரைப் பாறையில் துறவியர்க்குப் படுக்கை அமைத்துத் தந்திருக்கிறார். மாங்குளத்துக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரும், கணி நந்தாசிரியன் என்னும் துறவியின் பெயரும் இருப்பது பலரும் அறிந்ததே. ராபர்ட் சீவெல் 1882-இல் அவற்றைக் கண்டறிந்தார். பல்லாண்டுக்குப் பின் ஐராவதம் மகாதேவன் அவற்றின் வாசகத்தைத் தெளிவுபடுத்தினார். ஆக, சம்பந்தர் மதுரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இக்குன்றுகளில் நம் துறவியர் தங்கினர் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஐயம் எழுவதெல்லாம் அவருக்குப் பின் என்ன ஆயிற்று என்பதில்தான்.

தென்மேற்குச் சரிவில் இருப்பது செட்டிப்பொடவு. உச்சிக்குச் செல்லும் வழியிலிருந்து சற்று விலகி, மலையடியைச் சுற்றி நடந்து, பின்னர்ச் சிறிது ஏற வேண்டும். பொடவு என்றால் குடைவு, பொந்து. குகையின் வாயிலருகே வெளிப்பாறையில் ஆளுயரத்திற்கும் மேலான தீர்த்தங்கரர் திருவுருவம் பதுமாசனத்தில் அமர்ந்திருக்கிறது. தலைமேல் முக்குடை, இருபுறமும் சாமரையேந்தியோர், முகத்தில் எதனாலும் கலையாத அமைதி. நீண்ட செவியும் திரண்ட தோளும் கண்ட ஊரார் இவரைச் செட்டியார் என்றனர். குகைக்கும் அப்பெயரே ஆயிற்று. பீடத்தின்கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டு. இப்பள்ளியை உடைய குணசேனதேவர் என்பாரின் மாணாக்கர் வழிவந்தவர் இத்திருமேனியைச் செய்வித்தார் என்பது அதன் பொருள்.

'இப்பள்ளி' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். ஓரிரு துறவியர் மழைக்கு ஒதுங்கிய இடத்தை எவரும் பள்ளி என்று எழுதி வைப்பதில்லை. தலைவர் உண்டு, மாணாக்கர் உண்டு, மாணாக்கர்க்கு மாணாக்கர் உண்டு. குகையினுள்ளே குனிந்து சென்றால் மேற்பாறையின் வளைவில் ஐந்து சிற்பங்கள் வரிசையாக உள்ளன: நடுவே மூன்று தீர்த்தங்கரர், இரு ஓரங்களிலும் இரு யட்சியர். ஒரு யட்சி சிங்கத்தின்மீது அமர்ந்து, யானைமேல் வரும் வீரனை எதிர்க்கிறாள். சீற்றம் நிறைந்த அச்சிற்பத்திற்குச் சற்றே தள்ளி, சலனமற்ற தீர்த்தங்கரர். குகையில் வெளிச்சம் மங்கியது. கண் பழகும்வரை சிறிது நேரம் அமர்ந்தால்தான் உருவங்கள் பாறையிலிருந்து வெளிவருகின்றன. பிள்ளைகளுக்கு இந்த இடம் மிகவும் பிடித்துப்போகிறது.

இச்சிற்பங்களின் எழுத்தமைதி ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளுக்குரியது. அதாவது சம்பந்தர் காலத்திற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின். கதையின்படி மதுரையில் ஒரு சமணரும் எஞ்சியிருக்கக் கூடாத காலம் அது.

மீண்டும் குளக்கரைக்கு வந்து, கோயிலின் அருகிலிருந்து மேலேறும் வழியைப் பிடித்தால் உண்மையான ஏற்றம் தொடங்குகிறது. பாறையிலேயே ஆழமின்றி வெட்டிய படிகள். செங்குத்தான இடங்களில் கைப்பிடிக் கம்பி. ஏற்றம் சற்றுக் கடிது, ஆனால் நெடிதன்று. நிதானமாக ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் உச்சியை அடையலாம். எட்டு வயதுப் பிள்ளைகள் ஓடியே ஏறிவிடுகின்றனர். முழங்கால் வலியுள்ள பெரியோர் பாதிவழியிலுள்ள பேச்சிப்பள்ளம்வரை மெல்ல வந்து, அங்கே அமர்ந்து கொள்ளலாம். அவர்கள் எதையும் இழந்துவிட மாட்டார்கள். இம்மலையின் மிகச் சிறந்த பகுதி உச்சியன்று, இந்தப் பாதிவழியே என்பது என் கருத்து.

பேச்சிப்பள்ளத்தில் பாறை சற்று உள்வாங்கி ஒரு நீள்மேடையாகிறது. அருகே சுனை. ஊரார் இங்கே பேச்சியம்மனை நினைத்ததால் வந்த பெயர். பாறையின் முகத்தில் எட்டுத் திருவுருவங்கள் ஒரே வரிசையில் உள்ளன. பாம்பின் படம் கவிந்த பார்சுவநாதர், மகாவீரர், கால்களில் கொடி சுற்றப் பெற்று அசையாது நிற்கும் பாகுபலி ஆகியோரை எளிதில் இனங்காணலாம். திருவுருவங்களின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தோர் பெயர்கள். குணசேனதேவரின் மாணாக்கர் வர்த்தமான பண்டிதர், அவர் மாணாக்கர் என்று ஆசிரியப் பரம்பரையே அடுக்கி எழுதப்பட்டுள்ளது. குரண்டித் திருக்காட்டாம்பள்ளி என்னும் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

இக்குரண்டி, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் ஆவியூரை அடுத்தது. அன்று வெண்புநாட்டில் இருந்தது. அங்கிருந்த திருக்காட்டாம்பள்ளி ஒரு பெரிய கல்விச்சாலை. அதன் ஆசிரியரும் மாணாக்கரும் கீழக்குயில்குடிக்கு வந்து திருமேனிகள் செய்வித்தனர். செட்டிப்பொடவிலும் அப்பள்ளியின் கனகநந்தி படாரர், அபிநந்தன படாரர், அரிமண்டல படாரர் என்போர் பெயர்கள் உள்ளன. ஓரூரில் படித்தவர் மற்றோரூரின் மலையில் ஆசிரியர் பெயரால் அறஞ்செய்தனர் என்றால், இவ்விரண்டுக்கும் இடையே ஆட்கள் நடந்தனர், சுவடிகள் கைமாறின, நெல்லும் எண்ணெயும் வந்தன என்றுதான் கொள்ள வேண்டும். அஞ்சி ஒளிந்தவர்கள் இப்படிப் பெயரும் ஊரும் ஆசிரியர் வரிசையும் பாறையில் பொறித்து வைப்பார்களா? இதை எண்ணிப் பார்க்காமலேயே சமணர் குகைகளை 'மறைவிடம்' என்று எழுதிவிடுகிறவர்கள் இன்றும் உளர்.

இவ்வரிசையில் ஒரு கல்வெட்டு மற்றெல்லாவற்றிலும் என்னை நிறுத்தி வைப்பது. அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்பது அதன் செய்தி. அச்சணந்தி யார்? வடமொழியில் ஆர்யநந்தி என்பர். அக்காலத் தமிழகத்தில் அவரைப் போல் மலைமலையாக நடந்தவர் அரியர். வடக்கே வள்ளிமலை, மதுரையைச் சுற்றி ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, அரிட்டாபட்டி, மேற்கே உத்தமபாளையம், தெற்கே ஏர்வாடி, தென்கோடியில் சிதறால் என அவர் பெயர் பொறித்த பாறைகள் தமிழகம் முழுதும் உள்ளன. சமணம் நலிந்து வந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் ஊரூராகச் சென்று திருமேனிகள் செய்வித்து மக்களை மீண்டும் மலைக்கு அழைத்தவர் அவர் என்று ஆய்வாளர் கருதுவர்.

துறவி வீட்டை விட்டவர். பெயரையும் உறவையும் துறந்தவர். ஆனால் பேச்சிப்பள்ளத்துப் பாறை அவருடைய தாயை மறக்கவில்லை. மகன் துறந்த உறவைத் தாய் துறக்கவில்லை என்று சொல்வதும் பொருந்தும். அவர் மகனைப் பார்க்க இம்மலை ஏறினாரா, மகன் வேறு திசையில் நடந்துகொண்டிருந்தபோது அவன் நினைவாக ஏறினாரா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. சொல்வது இவ்வளவே: ஒரு பெண், தன் பெயரையும் தன் மகன் பெயரையும் சேர்த்து, ஒரு தீர்த்தங்கரர் திருவுருவின் கீழ் எழுதுவித்தாள். நம் வீடுகளில் மகளோ மகனோ ஆர்யிகையாகவும் முனியாகவும் தீட்சை பெறும் நாளில் தாய்மார் முகத்தைக் கண்டவர்க்கு இந்தக் கல்வெட்டு விளங்க உரை வேண்டியதில்லை.

குணமதியார் தனியர் அல்லர். கழுகுமலையில் இதே காலத்தில் குரத்தியர், அதாவது பெண் ஆசிரியர்கள், தம் மாணாக்கியருடன் திருமேனிகள் செய்வித்துள்ளனர். அங்கே தச்சரும் வேட்கோவரும்கூடச் செய்வித்தோர் வரிசையில் நிற்கின்றனர். சமணம் அரசனையும் வணிகரையும் நம்பி வாழ்ந்து, அரசன் கைவிட்டதும் மாய்ந்தது என்னும் கூற்றை அந்தத் தச்சரும் குயவரும் ஏற்கமாட்டார்கள்.

அரசரும் கைவிடவில்லை என்பதற்குப் பேச்சிப்பள்ளத்திற்குச் சற்று மேலே சான்று உள்ளது. அங்கே ஒரு கட்டுமானக் கோயிலின் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. மேலே எழுந்த சுவரும் விமானமும் போய்விட்டன. அடித்தளக் கல்லிலுள்ள வட்டெழுத்து அக்கோயிலின் பெயரைத் தருகிறது: மாதேவிப் பெரும்பள்ளி. பாண்டியன் பராந்தக வீரநாராயணனின் தேவியாகிய வானவன்மாதேவியின் பெயரால் எழுந்த பள்ளி இது என்று கல்வெட்டறிஞர் கொள்வர். இம்மன்னனின் காலம் ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. அக்காலப் பாண்டியர் சைவ வைணவக் கோயில்களுக்கு வாரி வழங்கியவர்கள் என்பது உண்மை. அவர்கள் ஆட்சியிலேயே, தலைநகரிலிருந்து கண்ணுக்குத் தெரியும் மலையில், ஒரு பாண்டிமாதேவியின் பெயரால் சமணப் பெரும்பள்ளி நின்றது என்பதும் உண்மை. வெளியூர்ச் சான்றுகளும் இதனோடு இசைகின்றன. சித்தன்னவாசலில் அறிவர் கோயிலைப் புதுக்கியவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். அப்பணி நடந்தது ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில். பழனியை அடுத்த ஐவர்மலையில் சாந்திவீரக் குரவர் பார்சுவ படாரரையும் இயக்கியரையும் புதுக்கி, 505 காணம் பொன் வைத்தார். அது வரகுண பாண்டியனின் எட்டாம் ஆண்டு, சகம் 792, அதாவது கி.பி. 870. ஆண்டும் பொன்னின் அளவும் இவ்வளவு துல்லியமாக எழுதப்பட்ட கல்வெட்டு நம் வரலாற்றில் அரிது.

இனிக் கழுவேற்றக் கதையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அதை விரிவாகப் பாடும் பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். நிகழ்ச்சி என்று சொல்லப்படுவதற்கு ஐந்நூறு ஆண்டு பிந்தியது. சம்பந்தரின் பதிகங்களில் சமணரைச் சாடும் பாடல்கள் பல உண்டு. கழுவேற்றம் நடந்ததாக ஒரு செய்தியும் இல்லை என்பதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியாரும் அதை வரலாறாகக் கொள்ளத் தகாத கதை என்றே ஒதுக்கினார். சமயப் பூசல்கள் நடந்தன, பள்ளிகள் சில பறிபோயின, அரசர் மனம் மாறினர் என்பதையெல்லாம் மறுக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் துன்பமே அறியாதவர் என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். ஆனால் ஒரே நாளில் ஒரு சமயம் அழிந்தது என்பதைப் பேச்சிப்பள்ளத்துப் பாறை நேரே மறுக்கிறது. இதில் பிற சமயத்தார்மீது பகை கொள்ளவும் இடமில்லை. நம் பிள்ளைகள் தம்மைக் கொலையுண்டோரின் எச்சமாக மட்டும் எண்ணி வளர வேண்டியதில்லை என்பதே இங்கு முக்கியம். மதுரையில் வச்சிரநந்தி திராவிட சங்கத்தை நிறுவினார் என்று தேவசேனர் தம் தரிசனசாரத்தில் குறித்தது விக்கிரம ஆண்டு 526, அதாவது கி.பி. 470. அதிலிருந்து உச்சிப் பாறைக் கல்வெட்டுவரை எண்ணினால் அறுநூறு ஆண்டுக்கும் மேல் வருகிறது.

அந்த உச்சிக்கு இனி ஏறலாம். அடித்தளத்தைத் தாண்டியபின் நிழலே இல்லை. பாறை வெறுமையாக, வழுவழுப்பாக, சில இடங்களில் உள்ளங்கையை ஊன்றி ஏறவேண்டிய அளவு சரிவாக இருக்கிறது. மழை பெய்து ஈரமாயிருந்தால் இப்பகுதியைத் தவிர்ப்பதே நன்று. கோடையில் எட்டு மணிக்குள் ஏறி முடித்துவிட வேண்டும். அதற்குமேல் பாறை பாதத்தைச் சுடும். வெறுங்காலுடன் ஏறுவோர் காலையிலேயே தொடங்குவது அறிவு. குடிநீரைக் கீழிருந்தே கொண்டுசெல்ல வேண்டும்.

உச்சி அகன்ற வெற்றுப் பாறை. காற்று சேலைத் தலைப்பையும் துண்டையும் பறிக்கும். வடக்கே நாகமலை முழு நீளத்திற்கும் தெரியும். கிழக்கே மதுரை நகரம் வெண்புள்ளிகளாகப் பரந்து கிடக்கும். தென்கிழக்கே திருப்பரங்குன்றம், நகருக்கு அப்பால் வடகிழக்கில் ஆனைமலை, தெளிந்த நாளில் அழகர்மலையின் நீல விளிம்பு. மதுரையைச் சூழ்ந்த எட்டுப் பெருங்குன்றங்களில் சமணத் துறவியர் வாழ்ந்தனர் என்று பழைய தனிப்பாடல் ஒன்று பட்டியலிடுகிறது. அவற்றுள் உருவகம் எனப்படுவது இம்மலையே என்பர் அறிஞர் சிலர். மற்றக் குன்றங்கள் எவையெவை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அப்பட்டியலை வீட்டில் படிப்பதைவிட இவ்வுச்சியில் நின்று சுற்றிப் பார்ப்பது எளிதில் விளங்கும்: ஒரு குன்றில் ஏற்றிய விளக்கு அடுத்த குன்றுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு விளக்குத்தூண் நிற்கிறது. அதனருகே பாறையில் ஒரு கல்வெட்டு. கீழிருந்து வட்டெழுத்தையே பார்த்து வந்த கண்ணுக்கு இதன் வடிவம் புதிதாகத் தோன்றும். எழுத்தும் மொழியும் கன்னடம். மூலசங்கத்தைச் சேர்ந்த ஆரியதேவர், பெளகொளத்துப் பாலசந்திரதேவர், நேமிதேவர், அஜிதசேனதேவர், கோவர்த்தனதேவர் என்னும் துறவியர் பெயர்கள் அதில் உள்ளன. பெளகொளம் என்பது சிரவணபெளகொளம். அங்கே விந்தியகிரியின் உச்சியில் ஐம்பத்தேழடி உயரத்துக் கோமடேசுவரரைச் சாமுண்டராயர் நிறுவியது பத்தாம் நூற்றாண்டின் இறுதி. அந்த மலையைக் கண்ணாரக் கண்டு வாழ்ந்தவர்கள் நூற்றுக்கணக்கான கல் தொலைவு கடந்து மதுரைக்கு வந்தனர். பேச்சிப்பள்ளத்தில் கொடி சுற்றி நிற்கும் சிறிய பாகுபலியைக் கடந்து இந்த உச்சிக்கு ஏறினர். இக்கல்வெட்டைப் பதினோராம் அல்லது பன்னிரண்டாம் நூற்றாண்டினதாகக் கொள்வர். சேக்கிழார் பெரியபுராணம் பாடிய காலத்தை ஒட்டியும், மதுரை மலையின் உச்சி கன்னட நாட்டுச் சமண முனிவர்க்கு வந்து சேர வேண்டிய இடமாகவே இருந்தது.

அதன்பின் மெல்ல மெல்ல ஆள்வரவு குறைந்தது. பள்ளிக்குரிய நிலம் போயிற்று, மாணாக்கர் வரிசை அறுந்தது, கோயிற் கற்கள் சரிந்தன. எந்த ஆண்டு கடைசித் துறவி இம்மலையை விட்டு இறங்கினார் என்பதற்குக் கல்வெட்டில்லை. இறங்கிச் செல்பவர் கல்வெட்டு வெட்டுவதில்லை.

துறவியர் போனபின் மலையைக் காத்தவர் யார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. அடிவாரத்து மக்களே காத்தனர். தீர்த்தங்கரரைச் செட்டியார் என்றனர், யட்சியின் பள்ளத்தைப் பேச்சியின் பள்ளமாக்கினர், கருப்பசாமியைக் காவலுக்கு நிறுத்தினர். பெயர் மாறியது, ஆனால் உளி விழவில்லை. தாம் தெய்வம் என்று நம்பியதை எவரும் உடைத்துச் சாலைக்குச் சல்லி போடுவதில்லை. இவ்வூர் மக்களைப் பற்றி ஆங்கில அரசு வேறு எண்ணம் கொண்டிருந்தது. 1914-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைப் பகுதிக் கள்ளர் சமூகத்தின்மீது முதலில் ஏவியது கீழக்குயில்குடியில்தான். இரவில் ஊரைவிட்டு வெளியேறவும் அனுமதி கேட்க வேண்டியிருந்த மக்கள், ஆயிரம் ஆண்டுப் பழமையான அயலார் சமயச் சின்னங்களைத் தம் மலையில் பழுதின்றி வைத்திருந்தனர். இன்று இது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அப்பாதுகாப்பு வருவதற்கு முன்பிருந்த பாதுகாப்பு அவர்களுடையது.

நம் மரபில் இதற்கு ஒரு பழைய சொல் உண்டு. அரிட்டாபட்டி மலையில் அச்சணந்தி செய்வித்த திருமேனியின் கீழுள்ள கல்வெட்டு, அதனைப் பாதிரிக்குடி மக்களின் இரட்சைக்கு விடுகிறது. திருமேனியைச் செய்வித்தவர் துறவி. காக்கும் பொறுப்பு பக்கத்து ஊராருக்கு. அச்சணந்தி எழுதுவித்த அந்த ஏற்பாடு வெறும் சொல்லாகப் போகவில்லை. 2022-இல் அரிட்டாபட்டிப் பகுதி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடந்தபோது சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்தனர்; 2025 சனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை விலக்கிக்கொண்டது. போராடியவர்களுள் நம்மவர் தொகை மிகச் சிறிதாகவே இருந்திருக்கும். பாதிரிக்குடியின் பொறுப்பை இன்றைய ஊரார் எடுத்துக்கொண்டனர்.

ஆகவே கீழக்குயில்குடிக்குச் செல்லும் நம் குடும்பங்கள் சிலவற்றை நினைவிற்கொள்ள வேண்டும். அடிவாரக் கோயிலில் வணங்குவதும் வணங்காததும் அவரவர் விருப்பம். அங்கே காலணி அணிந்து நடக்கக் கூடாது என்பது அவ்வூர் வழக்கமாயின் அதைப் போற்ற வேண்டும். திருமேனிகளுக்குச் சந்தனமோ பாலோ எண்ணெயோ சாத்தும் ஆர்வம் நமக்கு இயல்பாக எழும். அதை அடக்கிக்கொள்வதே உண்மையான பக்தி. எண்ணெய்ப் பிசுக்கில் வட்டெழுத்து மறைந்துவிடும்; ஆயிரம் ஆண்டு வெயிலும் மழையும் அழிக்காததை நம் அபிடேகம் அழித்துவிடக் கூடாது. எழுத்தின்மேல் விரல் தேய்த்துப் படிப்பதும், சுண்ணக்கட்டியால் நிரப்பிப் படமெடுப்பதும் வேண்டா. நமோக்காரம் சொல்ல ஒரு பொருளும் தேவையில்லை.

காலையில் ஏற இயலாதவர் பிற்பகல் வெயில் தணிந்தபின் செட்டிப்பொடவு, பேச்சிப்பள்ளம் இரண்டை மட்டும் பார்த்துப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடலாம்; ஆலமரத்தடியில் அமர்ந்து, விளக்கு வைக்குமுன் உணவை முடித்துக்கொள்ள நேரமிருக்கும். வட்டெழுத்துப் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நன்று. மதுரையில் அத்தகையோர் உளர். கேட்டால் மகிழ்ந்து வருவார்கள். பேச்சிப்பள்ளத்து வரிசையில் குணமதியார் என்னும் பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எழுத்தெழுத்தாகப் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள்.